பிரியாணி தின்ற கெளுத்தி

ஈஸ்டர் மதியம் மீன் குழம்புச் சட்டியைத் திறந்தால், மேலே இரண்டு விரல் கனத்துக்கு மஞ்சளாக ஒரு ஏடு நின்றது. இஞ்ஞாசியம்மாள் அதை அகப்பையால் ஒதுக்கினார். ஒதுக்கிய இடத்தை அடுத்த பக்கத்து ஏடு வந்து மூடிக்கொண்டது.

"நா ஊத்துனது ரெண்டு கரண்டி நல்லெண்ணெ. மிச்சமெல்லாம் ஒங்க மீனு ஊத்துனது" என்றார் புருஷன் ஸ்தனிஸ்லாஸிடம்.

விருந்துக்கு வந்திருந்த இஞ்ஞாசியம்மாளின் தம்பி ஸ்டீபன்ராஜ், திண்டுக்கல்லில் வாத்தியார், நாலு வாய் தின்றுவிட்டுக் கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. வந்ததும் சொன்னார்: "கொழம்பு நல்லாத்தான் இருக்கு மச்சான். சோப்பு போட்டுங் கையிதான் வழுக்குது."

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு வருஷமாக அவர் வளர்க்கும் கெளுத்தி அது. ரெட்டியார்சத்திரம் தாண்டி, முருங்கைத் தோட்டத்தின் ஒரு மூலையை வெட்டிக் குளமாக்கி, பதிவு வாங்கி, பங்காஸ் கெளுத்திக் குஞ்சு விட்டு வளர்த்தது. சந்தையில் விற்றது. ஆனால் சொந்த வீட்டில், மீன் குழம்புக்கென்றே பேர்போன பொம்பளை கையில், ஒரு தடவைகூட அது குழம்பாகத் தேறியது கிடையாது.

தம்பிமார் போன பிறகு இஞ்ஞாசியம்மாள் தீர்ப்பைச் சொன்னார்.

"அந்தோணியார் திருநாளுக்கு எந் தம்பிமாரு மறுபடி வருவாய்ங்க. அன்னைக்கும் இந்த மீனுதான் கொழம்பு. சட்டியில கொழுப்பு மெதக்கலேன்னா கொளம் இருக்கட்டும். மெதந்துச்சு, மறுநாளே ஜேசிபி. மண்ணத் தள்ளி மூடிட்டு மல்லி போடப் போறேன்."

"எடம் என் பேர்ல இருக்கு."

"அடுப்பு என் பேர்ல இருக்கு."

திருநாளுக்குப் பத்து வாரம் இருந்தது. மறுநாளே முப்பது மல்லிக் கன்று வாங்கி வந்து, கொல்லைப்புறம் குடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துத் தண்ணீர் தெளித்தார் இஞ்ஞாசியம்மாள். குளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கன்றுகளைத் தாண்டித்தான் ஸ்தனிஸ்லாஸ் நடக்க வேண்டும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். படித்தது ஐந்தாவது. முப்பது வருஷம் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. தான் அரத்தால் ராவித் தான் மாட்டிய பூட்டையே மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். கோயிலில் காணிக்கைப் பெட்டியின் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். சாமியாரே ஒருநாள் முறைத்திருக்கிறார். மீன் தீனி மூட்டையில் அச்சடித்த எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும். எறும்பு அளவில் எழுதுகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்பது அவர் கட்சி. மூட்டைக்குள் மரத்தூள் என்று முடிவுகட்டி, வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

பதிலுக்கு அவர் கண்டுபிடித்தது பிரியாணி. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்கா பஞ்சம். ஒரு கடையில் பேசிவைத்து, மிச்சம் மீதியை தினம் ஒரு பெரிய வாளியில் வாங்கி, டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவருவார். சீரகச் சம்பா சோறு, நெய், கறித் துணுக்கு, கோழித் தோல். வண்டிச் சத்தம் கேட்டதுமே கெளுத்தி எல்லாம் கரையோரம் வந்து வாயைப் பிளக்கும். மீனும் பெருத்தது. "நம்ம வீட்டு மனுசனே ஞாயித்துக்கிழமைதான் பிரியாணி திங்கிறான். எம் மீனு தெனமுந் திங்கிது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரமே, பதிவுச் சீட்டைப் பார்க்க மீன்வளத் துறையிலிருந்து ரீனா வந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். சீட்டைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், கடைசியில் வாளியைப் பார்த்தாள்.

"என்னய்யா இது, பட்டை லவங்கமெல்லாம் கெடக்கு?"

"செரிமானத்துக்கு நல்லது."

ரீனா ஒரு மீனைக் கேட்டு வாங்கினாள். அரிவாள்மனையை இஞ்ஞாசியம்மாளே ஓடிப்போய் எடுத்துவந்தார், சந்தோஷமாக. வயிற்றைக் கீறியதும் குடலைக் காணோம். மஞ்சள் கொழுப்பு பொதபொதவென்று பிதுங்கியது. அதை விலக்கிய பிறகுதான் குடல், ஈரல் எல்லாம் வந்தது. ஈரல் வெளுத்துச் சுண்ணாம்பு பூசினதுபோல் இருந்தது.

"நீ மீன் வளத்திருக்கியா தாயி?" என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"இல்லய்யா. நெறைய அறுத்துப் பாத்திருக்கேன்."

"அறுக்கிறவளுக்கு வளக்கிறவன் கஷ்டந் தெரியாது."

ரீனா கோபப்படவில்லை. கரையில் உட்கார்ந்து சொன்னாள். "அய்யா, சோறும் வெறகு, நெய்யும் வெறகு. மீனோட அடுப்பு சின்னது. ரெண்டு வெறகையுஞ் சேத்துத் திணிச்சா, எரிஞ்சது போக மிச்சத்தக் கொழுப்பா வயித்துல அடுக்கி வச்சுக்கும். சதை வைக்கிறது புண்ணாக்கும் கருவாடும். ஆனா மீனு வயிறு நெறஞ்சதும் வாய மூடிரும். பிரியாணியிலயே நெறஞ்சுட்டா, சதை வைக்கிற சரக்கு உள்ள போக எடம் ஏது?"

"அப்ப சோத்த நிறுத்திருவோம். வெறுங் கருவாடும் புண்ணாக்குமே போடுறேன். சரியா?"

"அதுவுந் தப்பு. வெறகே இல்லேன்னா மீனு கருவாட்டப் போட்டு எரிக்கும். வீட்டுக் கதவக் கழட்டிச் சோறாக்குன கணக்கு. தண்ணியுங் கெட்டு நாறும். சோறும் வேணும், எண்ணெயும் வேணும். அளவுதான் சங்கதி."

சொல்லிவிட்டு அளவையும் சொன்னாள். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், எண்ணெய் எடுத்த தவிடு, கஞ்சிப் பதத்தில் வேகவைத்த நொய், கடைசியாக ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். எல்லாம் பிசைந்து, ஆவி காட்டி, இடியாப்ப உரலில் பிழிந்து, வெயிலில் காயவைத்து உடைத்துப் போட வேண்டும். சோறு வெந்தால்தான் மீனுக்குச் செரிக்கும், தீனியும் தண்ணீரில் கரையாமல் நிற்கும்.

ஸ்தனிஸ்லாஸுக்கு ஒவ்வொன்றிலும் சந்தேகம். "எண்ணெய எடுத்துட்டுச் சக்கைய விக்கிறான், அத நீயே வாங்கச் சொல்ற. அப்புறம் ஒரு கரண்டி எண்ணெயத் தனியா ஊத்தச் சொல்ற. எடுப்பானேன், ஊத்துவானேன்?"

"தவுட்டுல எம்புட்டு எண்ணெய் இருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்குந் தெரியாது. கரண்டியில ஊத்துனா தெரியும்ல?"

அளவு தெரியாத இடத்தில் ஏமாற்று இருக்கும் என்பது அவருடைய சொந்தச் சரக்கு. அதை எடுத்து அவர்மேலேயே எறிந்துவிட்டாள். ஆனாலும் ஸ்தனிஸ்லாஸுக்குத் தோற்க மனமில்லை.

"ஒண்ணு செய்வோம். கொளத்துக்குக் குறுக்க வலையக் கட்டுறேன். மேக்குப் பாதி ஒன் தீனி. கெழக்குப் பாதி எம் பிரியாணி, கோழித் தோல மட்டும் எடுத்துடுறேன். திருநாளன்னைக்குப் பாதிக்கு ஒரு மீனு, எல்லாரு முன்னாலயும் அறுப்போம்."

"அறுப்போம்" என்றாள் ரீனா.

"கொழுப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் ஜேசிபி வரும்" என்றார் இஞ்ஞாசியம்மாள்.

கொட்டகையில் தீனிச் சரக்கு போட்டுவைக்க இரண்டு நீல டிரம் வந்தது. இரண்டுக்கும் அவர் கையால் செய்த பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில். கொல்லையில் கிடந்த பழைய இடியாப்ப உரலைத்தான் இஞ்ஞாசியம்மாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது இறுக்கமாக இருந்ததால் ஸ்தனிஸ்லாஸ் அடுப்படியில் இருந்த புதிய பித்தளை உரலைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடியாப்பம் கிடையாது. புளி போட்டுத் தேய்த்தும் கருவாட்டு வாடை உரலை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் வாரம், இஞ்ஞாசியம்மாள் கோயிலில் நடக்கும் மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போன மதியம், ஸ்தனிஸ்லாஸ் கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு பாதிக்கு ஒரு மீனை அறுத்தார். கிழக்குப் பாதி மீனின் வயிற்றில் பழையபடி மஞ்சள் மூட்டை. மேற்கே ஒரு நூல் கனத்துக்கு மட்டும் கொழுப்பு; ஈரல் சிவந்து, சதை விரலுக்குத் திடமாக நின்றது. நம்பவில்லை. இன்னொரு ஜோடி அறுத்தார். அப்போதும் நம்பவில்லை. மூன்றாவது ஜோடியையும் அறுத்துவிட்டு, டிரம் பூட்டை இழுத்துப் பார்த்த கையோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. இப்படியே விட்டால் திருநாளன்று கிழக்குப் பாதி மீன் மானத்தை வாங்கும். குளமும் போகும். சரி, ஒப்புக்கொண்டு எல்லா மீனுக்கும் அவள் தீனியையே போடலாம். குளம் தப்பும். ஆனால் ஊரெல்லாம் பிரியாணிப் பெருமை பேசிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஸ்டீபன்ராஜ் வேறு வருவான். வாத்தியார் கேலி சும்மா விடாது, பேரன் கல்யாணம் வரைக்கும் வரும்.

அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து கிழக்குப் பாதிக்கும் ரீனாவின் தீனிதான். வாளி மட்டும் வழக்கம்போல எல்லோரும் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வரும். ஓடைத் திருப்பத்தில் வண்டி நிற்கும். பிரியாணி குழிக்குள் போகும். வெறும் வாளி குளத்துக்கு வரும்.

குழி யோசனை இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் போனபோது நாய்கள் குழியைத் தோண்டிவிட்டு மரியாதையாக வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. முன்னால் இருந்தது பக்கத்துத் தோட்டத்துப் பொன்னழகுவின் நாய், கருவாயன். மண்வெட்டி எதற்கு வீணாக என்று ஸ்தனிஸ்லாஸ் நேரடியாகவே கொட்டிவிட்டார். கறித் துணுக்கு முதலில் போனது, அப்புறம் சோறு, கடைசியில் கருவாயன் நெய் ஒட்டிய மண்ணையும் நக்கியது.

இப்போது வேலை இரட்டிப்பு. பிசைவதும் பிழிவதும் இரண்டு பங்கு. தோள்பட்டை கழன்றது.

"கருவாட்டுத் தூளு வெரசாத் தீருதே?" என்று இஞ்ஞாசியம்மாள் ஒருநாள் கேட்டார்.

"மேக்குப் பாதி மீனுக்குப் பேராசை."

இன்னொரு நாள், முறுக்கு மாவு சலித்துக்கொண்டே தெருவைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க, இந்தக் கருவாயன் ஏன் இப்பிடிப் பெருத்துப்போனான்?"

"மழைக்காலம் வருதுல்ல."

"நாய்க்கும் மழைக்கும் என்னங்க?"

"ரோமம். குளிருக்கு முன்னால ரோமம் வைக்கும்."

"வைகாசியிலயா?"

"அதுக்குக் காலண்டர் தெரியுமா?"

இஞ்ஞாசியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததுதான் ஸ்தனிஸ்லாஸை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. தான் எல்லோரையும் சந்தேகப்படுகிற மனுஷன் என்பதால், தன்னை ஒருத்தர் சந்தேகப்படுவார் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

திருநாள் வந்தது. பூசை முடிந்து தம்பிமார் வீட்டுக்கு வந்தார்கள். ரீனா வந்தாள், கையில் நோட்டோடு. பொன்னழகுவும் வந்தார். அவரும் தன் தோட்டத்தில் புதிதாகக் குளம் வெட்டி வைத்திருந்தார். எந்தத் தீனி ஜெயிக்கிறதோ அதையே தானும் போடுவதாக இருந்தார். ஜேசிபிக்காரன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி, அரிவாள்மனைக்குப் பக்கத்திலேயே அம்மிக் குழவிக்கு அடியில் வைத்திருந்தார் இஞ்ஞாசியம்மாள்.

முதலில் மேற்குப் பாதி மீன். கீறினார். சுத்தம். ரீனா தலையாட்டினாள்.

அடுத்து கிழக்குப் பாதி. எல்லோரும் குனிந்தார்கள். கீறினார். கொழுப்பு இருந்தது, நகம் கனத்துக்கு. அவ்வளவுதான். ஈரல் நல்ல நிறம்.

"ரெண்டுஞ் சுத்தம்" என்றார் இஞ்ஞாசியம்மாள். குரலில் ஒரு அதிசயமும் இல்லை. மேற்குப் பாதி மீனைக் கழுவித் துண்டு போட உள்ளே போய்விட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தீகளா? நா என்ன சொன்னேன். பிரியாணியில ஒரு குத்தமும் இல்ல. தோலுதான் குத்தம். தோல எடுத்தேன், முடிஞ்சிருச்சு."

"நெசமாவே ஆச்சரியமா இருக்குய்யா" என்றாள் ரீனா. கிழக்குப் பாதி மீனை மறுபடியும் புரட்டிப் பார்த்தாள். நோட்டைத் திறந்தாள். "அப்ப இத நா எழுதியாகணும். தோல எடுத்துட்டா ஓட்டல் பிரியாணி மிச்சமே போதும்னு. சுத்துப்பட்டுப் பண்ணைக்கெல்லாம் சொல்லலாம்."

"எழுதும்மா" என்ற பொன்னழகு ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "தனிசண்ணே, அந்தக் கடைக்காரர்கிட்ட எனக்கும் சொல்லிவிடுங்க. நா நாலு வாளி எடுத்துக்குறேன். ஐயாயிரம் குஞ்சு சொல்லியிருக்கேன்."

ஸ்தனிஸ்லாஸின் துண்டு தோளிலிருந்து நழுவியது. ஐயாயிரம் குஞ்சு. நாலு வாளி. அடுத்த ஈஸ்டருக்குப் பொன்னழகு வீட்டுச் சட்டியில் எத்தனை விரல் கனத்துக்கு ஏடு நிற்கும் என்பது அவருக்குக் கண்முன் தெரிந்தது.

"நாலு வேணாம்" என்றார். "ஒரு வாளி."

"ஐயாயிரத்துக்கு எப்பிடிண்ணே பத்தும்?"

"அப்ப அர வாளி."

"என்னண்ணே, கேக்கக் கேக்கக் கொறைக்கிறீக?"

"அந்தக் கடைக்காரன் நம்பிக்கையான ஆளு இல்ல. நெய்யில கலப்படம்."

"ஒங்க மீனுக்குச் சேந்த நெய்யி எம் மீனுக்குச் சேராதா?" பொன்னழகுவின் முகம் வாடியது. "நா முன்னுக்கு வர்றது பிடிக்கலேன்னா நேரா சொல்லிருங்க."

ரீனா பேனாவை நிறுத்திவிட்டு ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தாள். ஸ்டீபன்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார், மூடினார். கரையில் வண்டிச் சத்தம் கேட்ட கெளுத்தி மாதிரித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து இஞ்ஞாசியம்மாள் வாசலுக்கு வந்தார். கையில் அந்தக் காலி பிரியாணி வாளி. அதைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

தெருக்கோடியில் ஒரு அசைவு. கருவாயன் வந்தது. ஓடி வரவில்லை, அதற்கு அந்தச் சக்தி இல்லை. தண்ணீர் நிறைந்த குடத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துவருவதுபோல் வயிறு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக வந்தது. வீட்டு முதல் படியில் முன்னங்காலை வைத்தது. பின்னங்கால் ஏறவில்லை. அப்படியே பாதிப் படியில் சாய்ந்து படுத்துக்கொண்டு, வாளியைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று நாய், அதே உருவத்தில்.

"மீனு வயித்த அறுத்துப் பாத்தாச்சு" என்றார் இஞ்ஞாசியம்மாள். "பிரியாணி எங்க போச்சுன்னு தெரியணும்னா இவன் வயித்தத் தடவிப் பாருங்க."

பொன்னழகு தன் நாயைப் பார்த்தார். அதன் வயிற்றைப் பார்த்தார். "ஒரு மாசமா வீட்டுல கஞ்சி ஊத்துனா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. எவனோ செய்வினை வச்சுட்டான்னுல்ல நெனச்சேன்."

ரீனா நோட்டால் வாயை மூடிக்கொண்டாள். ஸ்டீபன்ராஜ் மூடவில்லை. வாத்தியார் சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. "மச்சான், சட்டியில மெதக்குறத நிறுத்துனீங்க. இப்ப தெருவுல மெதக்குது."

"அது பொன்னழகு வீட்டு நாயி. அது திங்கிறதுக்கு நா பொறுப்பா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"எத்தன வாரமாய்யா கெழக்கயும் நம்ம தீனி?" என்று கேட்டாள் ரீனா.

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஐந்து விரலைக் காட்டினார்.

ரீனா எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஐந்து வாரம் பிரியாணி, கொழுப்பு அதிகம். அடுத்த ஐந்து வாரம் அளவான நொய், அளவான எண்ணெய், புண்ணாக்கு, கருவாடு, கொழுப்பு குறைந்தது. பழைய தீனி தவறு என்று விவசாயி ஒப்புக்கொண்டார்.

"கடைசி வரி பொய்யி. நா எங்க ஒப்புக்கிட்டேன்?"

"வேற எப்பிடி எழுத?"

"வீட்டுக்காரம்மா சொன்னாங்கன்னு போடு."

அப்படியே போட்டாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

குழம்பு கொதித்தது. மேலே நல்லெண்ணெய் மட்டும் அங்கங்கே காசு காசாகக் கண் திறந்து நின்றது. தம்பிமார் கை வழுக்காமல் தின்றார்கள். பொன்னழகு இரண்டு தடவை குழம்பு கேட்டார். எல்லோரும் எழுந்த பிறகு இஞ்ஞாசியம்மாள் தட்டோடு உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அந்தக் குளத்து மீனை அவர் வாயில் வைப்பது இதுதான் முதல் தடவை. ஸ்தனிஸ்லாஸ் வேஷ்டி முடிச்சைச் சரிசெய்வதுபோல் நின்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

முதல் துண்டு போனது. சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி இரண்டாவது துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொளம் இருக்கட்டும்" என்றார். "கரை எனக்கு. நாலு பக்கமும் மல்லி."

"மூணு பக்கம். ஒரு பக்கம் வண்டி வரணும்."

"வாளிதான் வரப்போறதில்லையே, வண்டி எதுக்கு?"

ஸ்தனிஸ்லாஸ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளியே படியில் கருவாயன் இன்னும் அப்படியே படுத்து, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இதுகளுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"கொழுக்க வச்சவுக மெலிய வைங்க. நாளைக்குக் காலையில இருந்து நாலையுங் கூட்டிக்கிட்டு அந்தோணியார் கோயில் வரைக்கும் நடந்துட்டு வாங்க." முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "வரும்போது ஒரு இடியாப்ப உரலு வாங்கிட்டு வாங்க. பித்தளையில."